ஒடுக்கு விழுந்த .308 கேஸ்களை மறுபடி நிரப்பலாமா?

குறிவேல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டெக்சஸில், ஆஸ்டினுக்கு மேற்கே ஹில் கன்ட்ரி பக்கம் இருக்கிறேன். காட்டுப்பன்றி வேட்டைக்கும், வார இறுதியில் இலக்குப் பயிற்சிக்கும் .308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகத்தில் ஏ.ஆர்.-10 வகை அரைத்தானியங்கி ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாததால் சென்ற குளிர்காலத்தில், சுட்ட கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) புது பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சொந்தமாக நிரப்ப ஆரம்பித்தேன். கையால் இயக்கும் ஒற்றை நிலை பிரஸ், விரிந்த கேஸை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் ஃபுல் லெங்த் டை, ஒரு நல்ல தராசு, டிஜிட்டல் காலிப்பர். கருவி அவ்வளவுதான்.

இப்போது பிரச்சினை கேஸ்களில். சுட்டு முடித்து எடுத்துவந்து, சோளக்கட்டைத் தூள் போட்ட டம்ளர் என்ற சுத்தம் செய்யும் இயந்திரத்தில் ஓட்டி மேசையில் பரப்பினால், பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஒடுக்கோடு இருக்கின்றன. மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் வகையில் வாய் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, பிறை போல இருக்கிறது. இரண்டாம் வகையில் உடம்பின் நடுவில் ஒரு குழி. ரைஃபிள் வெளியே எறியும்போது பக்கத்திலுள்ள டிஃப்ளெக்டர் என்ற மேட்டில் மோதி விழுவது. சிலவற்றில் குழி வழவழப்பாக இருக்கிறது, சிலவற்றில் கோடு கிழித்தாற்போல் கூர்மையாக இருக்கிறது. மூன்றாவது வகை எனக்குப் புரியவில்லை. சுட்டபோது நன்றாக இருந்த கேஸ், டையில் போட்டு எடுத்தபின் தோளில், அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவில், சின்னச் சின்னப் பள்ளங்களோடு வருகிறது.

ரேஞ்சில் ஒருவர் “ஒடுக்கு இருந்தாலே தூக்கிப் போடு” என்கிறார். இன்னொருவர் “எல்லாம் சுட்டால் சரியாகிவிடும்” என்கிறார். இரண்டு பேருமே பல வருடம் நிரப்பியவர்கள். யாரை நம்புவது? உள்ளிருந்து கம்பி விட்டு ஒடுக்கு எடுக்கலாமா? கேஸ்கள் ஃபெடரல் கம்பெனியுடையவையும், ரேஞ்சில் பொறுக்கிய லேக் சிட்டி ராணுவ வகையும் கலந்தவை.

மலைநாட்டான் எழுதியது:

தூக்கிப் போடுங்கள், அவ்வளவுதான். முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் வெடிக்கிற பொருள் இது. ஒரு கேஸ் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? நான் வாய் அமுங்கியதை மட்டும் வைத்துக்கொள்வேன். உடம்பில் எங்கே குழி இருந்தாலும் பழைய இரும்பு டப்பாவுக்குப் போய்விடும். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உலோகம் எழுதியது:

தம்பி, மூன்றாகப் பிரித்து வைத்ததே பாதி வேலை. மலைநாட்டான் சொல்வது தவறான வழி இல்லை. சந்தேகம் வந்தால் எறிந்துவிடுவது எப்போதும் சரிதான். ஆனால் அவர் எறிகிற பலதும் நல்ல கேஸ்கள். நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கண்ணுக்கு ஒடுக்கே தெரியாமல், பளபளவென்று இருக்கும் கேஸ்களில்தான் நிஜமான ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கனெக்டிகட்டில், வாட்டர்பரி பக்கம் பித்தளை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஊருக்கே பித்தளை நகரம் என்று பட்டப்பெயர் உண்டு. அதனால் உலோகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேஸ் செய்யும் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30. ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதைத் திரும்பத் திரும்ப இழுத்து நீட்டி, நடுநடுவே சூடாக்கி மிருதுவாக்கி, கடைசியில் இந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முடிந்த கேஸ் முழுக்க ஒரே கடினமாக இருக்காது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் அடிப்பகுதி தடித்தும் கடினமாகவும் இருக்கும். மேலே போகப் போகச் சுவர் மெலியும், கழுத்து மிருதுவாக இருக்கும். லேக் சிட்டி கேஸின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரிகிறதல்லவா? கழுத்தைச் சூடாக்கிய தடம் அது. கடையில் வாங்குவதில் பெரும்பாலும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புகிறார்கள். ராணுவத்துக்குப் போவதில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சுடும்போது என்ன நடக்கிறது? .308க்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் மெல்லிய சுவர், ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே அமுங்கியிருந்த குழியும் அதோடு வெளியே தள்ளப்பட்டுச் சமமாகிவிடும். உங்களுக்கு “சுட்டால் சரியாகிவிடும்” என்று சொன்னவர் இதைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறார். நீங்கள் நினைக்கிற கம்பி வேலைக்கு இதனால்தான் அவசியம் இல்லை. உள்ளிருந்து தட்டினால் ஏற்கெனவே ஒருமுறை மடங்கிய இடம் இன்னொரு முறை மடங்கி இறுகும், கூடவே கம்பியின் கீறலும் விழும். டை உடம்பின் ஒடுக்கை எடுக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். டை வெளியிலிருந்து நெருக்குகிற கருவி. குழியை வெளியே தள்ள அதற்கு வழி கிடையாது.

ஆனால் “எல்லாம்” சரியாகாது. குழி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த வடிவம், எந்த இடம் என்பதுதான் முக்கியம்.

கட்டைவிரல் நகத்தைக் குழியின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சறுக்கிக்கொண்டே இறங்கி ஏறினால் அது வழவழப்பான குழி. வைத்துக்கொள்ளலாம். அடியில் ஒரு கோட்டில் நகம் மாட்டினால் அங்கே பித்தளை மடிந்திருக்கிறது. மடிந்த கோட்டில் உலோகம் மிக இறுகிப்போய், அடுத்த முறை விரியும்போது அந்தக் கோடு வழியாகவே கிழியலாம். அதை எறிந்துவிடுங்கள். நகத்தில் தெரியாவிட்டால் சின்ன டார்ச்சை வாய்க்குள் காட்டிப் பாருங்கள். உட்பக்கம் கத்திமுனை மாதிரி ஒரு வரம்பு தெரிந்தால் அதுவும் குப்பைக்கு.

இடம் என்று பார்த்தால், அடியிலிருந்து சுமார் கால் அங்குலத்துக்குள் எந்த ஒடுக்கும் வேண்டாம், வழவழப்பாக இருந்தாலும் சரி. அந்தத் தடித்த பகுதி குழியாகும் அளவுக்கு அடி வாங்கியிருந்தால் அது சாதாரண அடி இல்லை. தவிர, அதன் கடைசிப் பகுதி சேம்பருக்கு வெளியே, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கேஸைத் தாங்கிப் பிடிக்க எஃகுச் சுவர் இல்லை. கேஸை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தேய்ப்பு போதும். விளிம்பே வளைந்து, பிரஸ்ஸில் கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வாய் அமுங்கியவைதான் எல்லாவற்றிலும் சுலபம். டைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது வாயை வட்டமாக்கிவிடும். பாதிக்கு மேல் அமுங்கியிருந்தால் மட்டும் அப்படியே டைக்குள் விடாதீர்கள். உள்ளே வளைந்த உதட்டில் டையின் நடுத்தண்டு மாட்டி மொத்தக் கழுத்தையும் கசக்கிவிடும். முதலில் ஒரு கூம்பு வடிவக் கம்பியை வாயில் வைத்து, கையால் சுழற்றிச் சுழற்றி வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியல் வேண்டாம். பிறகு டை. அதற்கப்புறம் நீளம் அளந்து, 2.015 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் 2.005க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். கழுத்தில் விரிசல் விட்டிருந்தால் இந்த நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு கைப்பிடி கேஸை உள்ளங்கையில் குலுக்கினாலும் தெரியும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது மாதிரிதான். நல்லது கிணுகிணுக்கும், விரிசல் விட்டது மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

உங்கள் மூன்றாவது வகைக்கு ரைஃபிள் காரணம் இல்லை, டையில் விடும் முன் கேஸில் பூசும் வழுக்கெண்ணெயான லூப்தான். அது அதிகமாகி, டைக்கும் தோளுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. திரவத்தை நசுக்க முடியாது, அதனால் பித்தளைதான் வழிவிட்டுக் குழிகிறது. டையைக் கழற்றித் துடையுங்கள். பக்கத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தால் ஊசியால் அடைப்பை எடுங்கள். மிஞ்சிய லூப்பும் காற்றும் வெளியேறத்தான் அந்த ஓட்டை. கேஸின் உடம்பில் மெல்லப் பூசுங்கள், தோளில் பூசாதீர்கள். ஏற்கெனவே விழுந்த பள்ளங்கள் ஆழமில்லாமல் வழவழப்பாக இருந்தால் அடுத்த சுடுதலில் மறைந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

ரைஃபிளில் ஃபயரிங் பின் அடிக்கும்போது கேஸ் கொஞ்சம் முன்னே தள்ளப்படுகிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறியதும் முன்பக்க மெல்லிய சுவர் சேம்பரோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி அப்படி ஒட்டாது. அது பின்னால் போல்ட் முகம் வரை நகரப் பார்க்கும். முன்பாதி பிடித்துக்கொண்டிருக்க, பின்பாதி இழுபட்டால் நடுவில் என்ன ஆகும்? அடியின் தடிமன் முடிந்து சுவர் தொடங்குகிற இடத்தில் பித்தளை நீண்டு மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு வளையமாகப் பள்ளம் விழும். அப்படிச் சில முறை ஆனபின் கேஸ் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும். கூடவே சூடான வாயு ரைஃபிளின் பின்பக்கம் பீய்ச்சும்.

இதை நாமே வேகப்படுத்துகிறோம். டையைத் தேவைக்கு மேல் கீழே இறக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் தோள் அளவுக்கு மீறிப் பின்தள்ளப்படும். சுடும்போது அது முன்னே போகும், மறுபடி டையில் பின்னே வரும். உங்களுடையதைப் போன்ற அரைத்தானியங்கி வகைக்குத் தோளை 0.003 அல்லது 0.004 அங்குலம் பின்தள்ளினால் போதும், போல்ட் ரைஃபிளுக்கு 0.002 போதும். தோள் எங்கே இருக்கிறது என்று அளக்க, உங்கள் காலிப்பரில் மாட்டும் கம்பேரட்டர் ஒன்று வாங்குங்கள். சுட்ட கேஸை அளந்து, டை போட்டபின் அளந்து, வித்தியாசம் பார்த்து டையைப் பூட்டுங்கள். நான் வாங்கிய கருவிகளில் இதைப்போல உபயோகமானது வேறில்லை.

மெலிந்த கேஸைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். நிமிர்த்தி, நுனியைச் செங்கோணத்தில் கொஞ்சமாக மடித்து, மடித்த முனையை அரத்தில் கூராக்குங்கள். வாய் வழியாக அடி வரை விட்டு, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். உங்கள் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கேஸுக்கு ஆயுள் முடிந்தது. ஒடுக்கு இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு கேஸுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

லேக் சிட்டி கேஸ்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ராணுவத்தில் இதே அளவுள்ள 7.62 தோட்டா இயந்திரத் துப்பாக்கியிலும் ஓடுகிறது. அவற்றின் சேம்பர் தாராளமானது. அதில் ஒருமுறை சுட்டாலே கேஸ் நன்றாக நீண்டுவிடும். “ஒருமுறைதான் சுட்டது” என்று விற்பதை அப்படியே நம்பி நிரப்பாதீர்கள். பிரைமர் குழியின் விளிம்பில் ராணுவம் அடித்த கிரிம்ப், அதாவது பிரைமர் கழலாமல் இருக்க உள்ளே நெருக்கிய மடிப்பு, இருக்கும், அதை நீக்கினால்தான் புது பிரைமர் நேராக உட்காரும். சுவரும் பொதுவாகத் தடிமன், ஆகவே உள்ளே இடம் குறைவு. ஃபெடரலையும் லேக் சிட்டியையும் ஒரே மருந்து அளவில் கலந்து நிரப்ப வேண்டாம்.

ஒடுக்கும் உள்ளிடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். சுட்ட பிரைமரைக் கழற்றாமல், காலிக் கேஸை எடை போட்டு, வாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போடுங்கள். .308இல் சுமார் 56 கிரெய்ன் (தோட்டா வேலையில் புழங்கும் சின்ன எடை அளவு) தண்ணீர் பிடிக்கும். அடியில் அதே தயாரிப்பாளர் முத்திரை உள்ள நல்ல கேஸோடு ஒப்பிடுங்கள். ஆழமில்லாத குழிக்கு வித்தியாசம் அற்பமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒடுக்கு உள்ளவற்றை ஒரு தனி டப்பாவில் போட்டு, கையேட்டில் உள்ள தொடக்க அளவு மருந்தோடு மட்டும் நிரப்பி, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு வந்தபின் ஒடுக்கு மறைந்திருந்தால் மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். குண்டு பொருத்தும் முன், சேம்பர் அளவில் செய்த கேஸ் கேஜ் என்ற குழலில் போட்டுப் பாருங்கள். தானாக விழுந்து தானாக வெளியே வரவேண்டும்.

ஒடுக்கே விழாமல் இருக்க, டிஃப்ளெக்டரில் வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தை ஒட்டிப் பாருங்கள். சூட்டில் அவ்வப்போது கழன்று வரும், மாற்றிக்கொள்ளலாம். கேஸ்கள் ரொம்ப முன்பக்கமாக, வேகமாகப் பறந்தால், ரைஃபிளை இயக்கும் வாயுவைக் குழலிலிருந்து எடுக்கும் பாகத்தை (gas block) சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

ஓக்குவாசி எழுதியது:

உலோகம் சார், அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். கழுத்தைச் சூடாக்கி மிருதுவாக்குகிறோமே, அதே டார்ச்சால் உடம்பில் ஒடுக்கு இருக்கும் இடத்தையும் சூடாக்கினால் மடிப்பு இறுக்கம் போய்விடாதா? யூடியூபில் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்தேன்.

உலோகம் எழுதியது:

வேண்டாம் தம்பி, இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும். நடு உடம்பில் டார்ச் காட்டினால் அடிப்பகுதியும் சூடாகும். கழுத்து மிருதுவானால் நல்லது, அடி மிருதுவானால் கேஸே ஆபத்து. பிரைமர் குழி தளர்ந்து, அழுத்தத்தில் அடியே விரிந்துவிடும். அதை மறுபடி கடினமாக்க வீட்டில் வழி கிடையாது. கழுத்தைச் சூடாக்குகிறவர்களும் சில நொடிதான் காட்டுகிறார்கள். செக்கச்செவேல் ஆகும்வரை விடுவதில்லை.

மடிந்த கோட்டில் நுண்ணிய விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தால் சூடு அதை ஒட்டவைக்காது என்பதும் இருக்கிறது. ஆகவே கோடு விழுந்தது போனதுதான்.

குறிவேல் எழுதியது:

சார், மிக்க நன்றி. நகப் பரிசோதனையில் உடம்பு ஒடுக்குகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. டை ஓட்டையில் பச்சையாக லூப் அடைத்திருந்தது. சுத்தம் செய்து போட்டேன், தோள் பள்ளம் நின்றுவிட்டது.

ஆனால் பேப்பர் கிளிப் விஷயத்தில் குழப்பம். எல்லாக் கேஸிலும் அடிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு படி தட்டுப்படுகிறது, சுடாத புதுக் கேஸிலும்கூட. அதோடு சுட்டு டை போட்டவற்றில் வெளியே அடிக்கு மேல் பளபளப்பாக ஒரு வளையம் தெரிகிறது. எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டியதுதானா?

உலோகம் எழுதியது:

எறியாதீர்கள். புதுக் கேஸிலும் தட்டுப்படுவது, தடித்த அடி மெல்லிய சுவராக மாறும் சரிவு. கம்பி மேலே வரும்போது ஒருமுறை ஏறும், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். பள்ளம் அப்படி இருக்காது. கம்பி உள்ளே விழும், அப்புறம் ஏறி வெளியே வரும். இரண்டு கரை தெரியும். வாய் பக்கமிருந்து கீழே தள்ளும்போதும் மாட்டும்.

விரலுக்கு இது பழக ஒரே வழி, ஒன்றிரண்டு கேஸைப் பலிகொடுப்பதுதான். புதிது ஒன்று, பலமுறை சுட்டது ஒன்று எடுத்து, ஹேக்சாவால் நெடுக்குவாட்டில் பிளந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளப்பதற்கு முன் இரண்டிலும் கம்பி விட்டு மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பிளந்தபின் கண்ணால் சரிபாருங்கள். எழுதி விளக்குவதைவிட அது நன்றாகப் புரியும்.

வெளி வளையத்திலும் இரண்டு வகை இருக்கிறது. டை கேஸை எதுவரை நெருக்கியதோ அந்த எல்லையில் ஒரு கோடு விழும். அது சாதாரணம், எல்லாக் கேஸிலும் ஒரே உயரத்தில் சீராக இருக்கும். ஆபத்தான வளையம் கொஞ்சம் மேலே, வெளிறிய மெல்லிய கோடாகத் தெரியும். பல நேரம் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும். வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள், கம்பிதான் தீர்ப்பு சொல்லும். கம்பியிலும் சந்தேகம் தீராவிட்டால் மலைநாட்டான் வழி.

இன்னொன்றும் பாருங்கள். பிரைமர் பொருத்தும்போது கையில் கொஞ்சமும் எதிர்ப்பு தெரியாமல் உள்ளே போனால் பிரைமர் குழி தளர்ந்துவிட்டது. கேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதோடு விடை கொடுங்கள்.

மலைநாட்டான் எழுதியது:

இதுவரை பேசியது எல்லாம் காலிக் கேஸ் பற்றி. நிரப்பிய தோட்டாவில் ஒடுக்கு விழுந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எந்தத் தோட்டாவையும் தட்டிச் சரிசெய்யக் கூடாது, டையிலும் போடக் கூடாது. உள்ளே பிரைமரும் மருந்தும் இருக்கின்றன. ஆழமான ஒடுக்கோ, குண்டு உள்ளே தள்ளப்பட்டதோ தெரிந்தால் சுடாதீர்கள். குண்டு உள்ளே போனால் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். புல்லர் வைத்துக் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, அப்புறம் காலிக் கேஸாகப் பாருங்கள். அரைத்தானியங்கி ரைஃபிளில் ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்தாலும் குண்டு உள்ளே நகரும். வேட்டைக்குப் போய்வந்தபின் நீளத்தை அளந்து பாருங்கள்.

புதுக்குறி எழுதியது:

நான் ஹெச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் பன்றி வேட்டைக்கும், பிறகு நிரப்பும் மேசைக்கும் கூப்பிடுகிறார். டெக்சஸில் பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார். நான் இதில் இறங்கலாமா?

மலைநாட்டான் எழுதியது:

கவனமாக இருங்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி வேட்டையாட உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது மாநில விஷயம். கூட்டாட்சிச் சட்டப்படி ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆகவே பன்றிக்குத் தேவையில்லாத அந்த உரிமம் உங்களுக்குத் தேவைப்படுகிறது. காலாவதியாகிவிட்டால் விலக்கும் போய்விடும். தவறினால் குடியேற்ற விஷயத்திலும் பெரிய சிக்கல். போவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப இங்கே கூட்டாட்சி உரிமம் வேண்டாம், விற்பதற்காகச் செய்தால் வேண்டும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே பார்த்துவிட்டு அங்கே முயலாதீர்கள்.

குறிவேல் எழுதியது:

கடைசியாக ஒன்று சார். டம்ளரில் போட்டும் கறை போகாத கேஸ்கள் கொஞ்சம் இருக்கின்றன. வீட்டில் பித்தளை விளக்கு துடைக்கும் பாலிஷ் இருக்கிறது. அதைப் போட்டுத் துடைத்தால் ஒடுக்கும் விரிசலும் தெளிவாகத் தெரியுமே?

உலோகம் எழுதியது:

டப்பாவின் பின்னால் அமோனியா என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை உண்டு.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைப்பார்கள். மழைக்காலம் வந்தால், யாரும் தொடாமலேயே பித்தளைக் கேஸ்களில் விரிசல் விழும். ஏன் என்று வெகுகாலம் புரியவில்லை. பருவத்தோடு வருவதால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல்தான் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுத்து நீட்டியபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்துவிடுகிறது. பித்தளை இறுகியிருக்கும் இடம்தான் முதலில் பிளக்கும். ஒடுக்கு விழுந்த கேஸில் அப்படிப்பட்ட இடம் தயாராகவே இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கறை இருந்தால் இருக்கட்டும், அது சுடுவதைக் கெடுக்காது. பார்க்கத் தெளிவாக வேண்டுமென்றால் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சிட்டிகை சிட்ரிக் அமிலமும் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவையுங்கள். ரொம்ப நேரம் ஊறவிட்டால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும், மேலேயுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கும். டம்ளர் தூளைச் சலிக்கும்போதும் வாசலில் நின்று முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எறிவது என்று முடிவான கேஸ்களை அப்படியே டப்பாவில் போடாதீர்கள். இடுக்கியால் வாயை நன்றாக நசுக்கிப் போடுங்கள். அடுத்த மாதம் நீங்களோ வேறு யாரோ “இது நல்லாத்தானே இருக்கு” என்று திரும்ப எடுத்துவிடக் கூடாது. டப்பா நிறைந்ததும் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போடலாம். சுடாத பிரைமரோ நிரப்பிய தோட்டாவோ அதில் ஒன்றுகூடக் கலந்திருக்கக் கூடாது, அதனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.